பெங்களூரா மரத்தடியில் நின்றுபோகும் வண்டி

குப்புராஜின் வண்டி நின்றுபோகிற இடம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாந்தோப்பின் வடக்கு ஓரத்தில் உழவைத் தொடங்கி, செந்தூரா ரக மா வரிசைகளைத் தாண்டி, பெங்களூரா வரிசையில் பாதி போனால் ஒரு பெரிய மரம் வரும். கிளைகள் ஆள் தோளுக்குத் தாழ்ந்து கிடக்கும். அதுவரைக்கும் தடதடவென்று ஓடிவந்த வண்டி, அந்த நிழலுக்குள் தலையை நுழைத்ததும் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளும். புகை வெளுக்கும். அதோடு சரி. அப்புறம் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிறவனின் தோள்பட்டை கழன்றாலும் கழலும், இஞ்சின் பேசாது.

இது பெரிய டிராக்டர் இல்லை. கிளைக்கு அடியில் புகுந்து போகிற அளவில், ஒற்றை சிலிண்டர் வைத்துச் செய்த குட்டி வண்டி. பெரியதைத் தோப்புக்குள் விட்டால் கிளையை முறிக்கும், வேரை அறுக்கும். ஏர் மாடு வைத்திருந்தவர்களும் விற்றுவிட்டார்கள். அதனால் கம்பைநல்லூரைச் சுற்றி மாந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குக் குப்புராஜை விட்டால் ஆள் இல்லை. அரூர் பக்கம் ஒருவர் ஓட்டி ஓய்ந்து விற்ற வண்டியைத்தான் அவர் வாங்கியிருந்தார். ஒரு காலத்தில் அது சிவப்பாக இருந்தது. செல்ஃப் மோட்டார் செத்துப்போனதிலிருந்து ஹேண்டில்தான். பானெட்டுக்கு நட்டநடுவில், மாட்டுக்கு நெற்றி இருக்கிற மாதிரி, டீசல் டேங்கின் மூடி துருத்திக்கொண்டிருக்கும். குப்புராஜின் மனைவி சின்னம்மாள் காலையில் வாசல் தெளித்த கையோடு அதற்குத்தான் முதலில் மஞ்சள் குங்குமம் வைப்பாள். மாட்டுக்கு வைத்துப் பழகிய கை. மாடு போனதும் வண்டிக்கு வந்தது.

அந்த ஐப்பசியில் மழை இழுத்தடித்துத்தான் வந்தது. தீர்த்தமலைப் பக்கம் வானம் கறுப்பதும், ஊர் வெளியே வந்து நின்று பார்ப்பதும், காற்று வந்து அதைத் துடைத்துக்கொண்டு போவதுமாக இருந்து, கடைசியில் விடிய விடிய நின்று பெய்தது. செம்மண் குடித்தது. மறுநாள் மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நின்றது, கையை விரித்தால் உதிர்ந்தது. கொள்ளு விதைக்க அதைவிடப் பதம் கிடையாது. ஆனால் செம்மண்ணின் ஈரம் நிலைக்காது. வெயில் ஏறி இரண்டு காற்று அடித்தால் மேல்மண் வெளுத்துவிடும். அதற்குள் தோப்பை உழுது கொள்ளை மூட வேண்டும். சொந்தத் தோப்பு முடிந்தால், கூப்பிட்டுக் காத்திருக்கிற தோப்புகள்.

முதல் நாள் வண்டி அந்த மரத்தடியில் நின்றது. மெக்கானிக் இத்ரீஸ் கம்பைநல்லூரிலிருந்து வந்தான், டீசல் பைப்பில் அடைத்த காற்றை வெளியேற்றினான், ஒரே சுற்றில் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டதால் வண்டி கொட்டாய்க்குத் திரும்பியது. இரண்டாம் நாள் காலையில் நன்றாகக் கிளம்பியது. முதல் நாள் வெறும் உழவு ஓட்டிய செந்தூரா வரிசைகள் இப்போது கொள்ளை மூடி முடிந்தன. கூடையில் கொள்ளை வைத்துக்கொண்டு முன்னால் வீசிப் போன சின்னம்மாளுக்குப் பின்னால் இஞ்சின் சத்தம் இரண்டு தடவை இழுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த இடம் என்று பார்க்காமலே தெரிந்தது.

"நின்னுடுச்சா?"

"இல்ல. யோசன பண்ணுது" என்றார் குப்புராஜ்.

இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். பக்கத்து நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த குள்ளம்மாள் சத்தம் நின்றதைக் கேட்டுக் களைக்கொத்தோடு வரப்பேறி வந்தாள். உழைப்பதில் இரண்டு ஆளுக்குச் சமம். பேச்சில் நாலு ஆளுக்கு.

"ஏண்ணா, மறுபடியும் அதே மரமா?"

"ஏன், உனக்கு வேற மரம் வேணுமா?"

"நான் சொன்னா சிரிப்பீங்க. அந்த மரத்துல என்னமோ இருக்குதுண்ணா. வண்டி வர்றது அதுக்குப் புடிக்கல."

"மரத்துக்கு டீசல் மேல என்னா கோவம்? நம்ம அன்பு தோப்புலயுந்தான் போன மாசம் மழையில நின்னுச்சு."

"அங்கயும் பெங்களூரா மரந்தானே?"

"அங்க பூரா நீலம்."

குள்ளம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அதுவும் வண்டியோட கூடவே போயிருக்குது" என்றாள்.

சின்னம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. குப்புராஜுக்கு வரவில்லை. அவர் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் நின்று ஹேண்டில் மேல் சொட்டியது. வலது மணிக்கட்டில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது. போன வாரம் ஹேண்டில் திருப்பி அடித்த இடம் அது. இன்னும் வீக்கம் வடியவில்லை. இடது கைக்கு மாற்றிச் சுற்றினார். இஞ்சின் புஸ் புஸ் என்று காற்றைத்தான் விட்டது.

வண்டி ஏன் நிற்கிறது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெட்ரோல் பங்கில் டீசலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்றது டீக்கடை. குப்புராஜுமே அப்படித்தான் நம்பினார். புது டீசல் ஊற்றியதும் வண்டி ஒழுங்காகக் கிளம்பும், அப்புறம்தான் மக்கர் பண்ணும். அப்படியானால் டீசல் டேங்கில் கிடந்தே கெட்டுப்போகிறது என்பது அவர் கணக்கு. டீசலைப் பீய்ச்சுகிற நாஸில் போயிருக்கும் என்று இத்ரீஸ் நாஸிலை மாற்றினான். வாஷர் மாற்றினான், ஃபில்டர் மாற்றினான். வெயில் காய்ந்த நாளெல்லாம் வண்டி குறை சொல்ல முடியாமல் ஓடியது. மழை பெய்து உழவு வந்தால்தான் நின்றது. வேலை என்றதும் படுத்துக்கொள்கிற ஆளைப் பார்த்திருக்கிறோம், வண்டியுமா அப்படி என்று சின்னம்மாள் தனக்குள் கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு, மறுநாள் மஞ்சளைக் கொஞ்சம் கூடுதலாகக் குழைப்பாள்.

மத்தியானம் மரத்தடியிலேயே சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். களியும் புளிச்சக்கீரைக் கடைசலும். குப்புராஜ் இடது கையால் சாப்பிட முடியாமல், வலது கையை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, களியைக் கீரையில் தோய்த்து மெதுவாக விழுங்கினார்.

"மாதவராஜ் சாயந்திரம் போன் பண்றன்னான்" என்றார்.

மாதவராஜ் சின்னம்மாளின் தம்பி. பெங்களூரில் பெரிய பெரிய குடியிருப்புகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவன். ஒரு குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தான்.

"பண்ணட்டும்."

"சரின்னு சொல்லிடலாம்னு பாக்கறன்."

சின்னம்மாள் களியை உருட்டிய கை நின்றது. "ஈரம் இருக்கறப்ப என்னா பேச்சுங்க இது?"

"ஈரம் இருக்குது. வண்டி இல்லையே. இதே ஈரத்துல ஓடுனா நான் இருக்கறன். ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு பொம்மிடி போயி ரயிலேறிடறன். கூப்புட்டவங்ககிட்ட எத்தன தடவ பொய் சொல்றது? நாளைக்கு வர்றன், நாளான்னிக்கு வர்றன்னு. அன்பு நேத்து என்னப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறான்."

சின்னம்மாளுக்கு ஓசூர் ஞாபகம் வந்தது. ஒரு தடவை அவர் ஓசூருக்குக் காவல் வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது உடம்பு இளைத்திருந்தது பெரிதில்லை. கேட்டால்தான் பதில் சொல்கிற ஆளாக வந்திருந்தார். ராத்திரியெல்லாம் ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுசன் பகலில் பேசுவதற்கு என்ன வைத்திருப்பார்? அந்தப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது இந்த வண்டியைத் திட்டித் திட்டித்தான். வண்டி போனால் அதுவும் போய்விடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"இத்ரீஸ் தம்பிய இன்னொரு தடவ கூப்புடுங்க" என்றாள்.

"அவன் வந்தா ஓடும். அவன் போனா நிக்கும். அவனக் கூடவே கட்டிக்கிட்டா உழுவ முடியும்?"

"கூப்புடுங்க."

இத்ரீஸ் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பைக்கை வரப்பில் நிறுத்திவிட்டு, ஒரு கையில் சாவிப் பையோடு மரத்தைப் பார்த்து நடந்து வந்தான். நாற்பது வயதுக்காரன். கிண்டலுக்குச் சளைக்காதவன். ஆனால் இன்று முகம் கடுகடுத்திருந்தது.

"ஏண்ணா, கடைவீதில என்னா சொல்றாங்க தெரியுமா? உங்க வண்டி என்மேல ஆசப்பட்டு நிக்குதாம். நிக்கா பண்ணிக்கோங்கறாங்க."

"பண்ணிக்கோ. சீதனமா ஹேண்டில் தர்றன்."

இத்ரீஸ் துண்டைத் தரையில் விரித்தான். உதட்டுக்குள் பிஸ்மி சொன்னான். டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான், மூடினான். ஏர் ஸ்குருவைத் தளர்த்தினான். உள்ளே சிக்கிய காற்றோடு டீசல் குபுகுபுவென்று வந்தது. இறுக்கினான். ஹேண்டிலைப் போட்டான். ஒரு சுற்று, இரண்டாவதில் பாதி. தடதடவென்று பிடித்துக்கொண்டது.

குப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் முகத்தில் சந்தோசமும் இல்லை, கோபமும் இல்லை. காலையிலிருந்து அவரை அலற வைத்த வண்டி, அடுத்தவன் தொட்டதும் எழுந்து நிற்கிறது.

"அவரு ஓதறாருண்ணா. அதான் புடிக்குது" என்றாள் குள்ளம்மாள். அவள் நிலத்துக்கே போகவில்லை.

"யக்கா, அத சொல்லாம நான் சோத்துலயே கைய வெக்க மாட்டேன். அதுல வண்டி புடிக்கும்னா எதுக்கு இவ்வளவு சாவி தூக்கிட்டுத் திரியறன்?" இத்ரீஸ் சாவிகளைப் பையில் போட ஆரம்பித்தான்.

"தம்பி, கெளம்பாத" என்றாள் சின்னம்மாள்.

"ஓடுதே அண்ணி."

"நீ இருக்கற வரைக்கும் ஓடும். அது நிக்கறத நீ ஒரு தடவகூட பாத்ததில்ல. நின்னப்புறந்தான் வர்ற. இன்னிக்கு ஒக்காரு. நிக்கட்டும். நிக்கறதப் பாரு."

இத்ரீஸ் குப்புராஜைப் பார்த்தான். குப்புராஜ் தோளைக் குலுக்கினார். வண்டியில் ஏறி, சின்னம்மாள் மத்தியானமே கொள்ளு வீசி வைத்திருந்த வரிசைகளில் உழவைத் தொடர்ந்தார். இத்ரீஸ் வரப்பில் உட்கார்ந்தான். குள்ளம்மாள் மடியிலிருந்து வேகவைத்த கடலையை எடுத்துப் பங்கு வைத்தாள். வண்டி எப்போது நிற்கும் என்று மூன்று பேர் கடலை உரித்துக்கொண்டு காத்திருந்தது அந்தத் தோப்பில் அதுதான் முதல் தடவை.

வண்டி பெரிய மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நிற்கவில்லை. திரும்பி வந்து அதே நிழலில் நுழைந்து வெளியேறியது. நிற்கவில்லை. குள்ளம்மாளுக்கு ஏமாற்றமாக இருந்தது. "பாய் இருக்கறாருன்னு அடங்கிக் கெடக்குது" என்றாள். பெங்களூரா வரிசைகள் முடிந்து, நீலம் வரிசையில் வண்டி இறங்கியது. கடலைத் தோல் ஒரு குவியலானது. சின்னம்மாளின் கண் வண்டியை விட்டு நகரவில்லை. அப்போது சத்தம் இழுத்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. புகை வெளுத்தது.

நின்றுவிட்டது.

மூன்று பேரும் எழுந்து ஓடினார்கள். நல்ல சேதி கேட்டவர்கள் மாதிரி ஓடினார்கள்.

"இது என்னா மரம்?" என்றான் இத்ரீஸ்.

"நீலம்."

"பாத்தீங்களா. மரக் கணக்கு இல்லீங்கண்ணா இது. நேரக் கணக்கு. நீங்க தெனமும் கொட்டாய்லேர்ந்து கெளம்பி வடக்கால ஆரம்பிக்கறீங்க. இவ்வளவு நேரம் ஓடுனா அந்த மரம் வருது. இன்னிக்கு அந்த மரத்துலேர்ந்து ஆரம்பிச்சோம். அதே நேரத்துக்கு இந்த மரம்."

"நேரத்துக்கு நிக்கறதுக்கு அது என்னா கெவுருமெண்ட் பஸ்ஸா?" என்றார் குப்புராஜ். ஆனால் அவர் குரலில் காலையில் இல்லாத ஒன்று இருந்தது. வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். புஸ் புஸ்.

"தம்பி" என்றாள் சின்னம்மாள். "நீ இப்பதான் பைக்குலேர்ந்து எறங்கி வர்றன்னு வெச்சுக்க. வந்து என்னென்ன பண்ணுவியோ அத ஒவ்வொண்ணா பண்ணு. அவரு பண்ணாதது எதையோ நீ பண்ற. நான் நில்லுன்னா நிக்கணும்."

"பைக் வரைக்கும் போவணுமா அண்ணி?"

"போ."

இத்ரீஸ் நிஜமாகவே பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி நடந்து வந்தான். குள்ளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் துண்டை விரித்தான். உதடு அசைந்தது. கை டேங்க் மூடிக்குப் போனது.

"நில்லு. அத எதுக்குத் தொறக்கற?"

"டீசல் இருக்குதான்னு பாக்க."

"நேத்து சாயந்திரம் ரொப்புனது. இருக்குதுன்னு உனக்குத் தெரியும்."

"பழக்கம் அண்ணி. தொழில் கத்துக்கற காலத்துல ஒரு வண்டிய காலையிலேர்ந்து பிரிச்சு போட்டுட்டு, கடைசில பாத்தா டேங்கு காலி. எங்க முதலாளி அன்னிக்கு வெச்ச அற இன்னும் காதுக்குள்ள கேக்குது. அதுலேர்ந்து எந்த வண்டியானாலும் மொதல்ல மூடியத் தொறந்துடுவன்."

சின்னம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க தொறப்பீங்களா?"

"சாயந்திரம் டீசல் ஊத்தறப்ப தொறப்பன். நடுவுல எதுக்குத் தொறக்கணும்?"

"அத மட்டும் வுட்டுட்டு மத்தத பண்ணு தம்பி."

இத்ரீஸ் ஏர் ஸ்குருவைத் தளர்த்தினான். குபுகுபுவென்று வர வேண்டிய டீசல் வரவில்லை. ஒரு சொட்டு வந்து நுனியில் நடுங்கியது. பிறகு, நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சொட்டும் உள்ளே போய்விட்டது.

"டேங்கு மேல இருக்குது" என்றான் இத்ரீஸ் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "டீசல் தானா எறங்கணும். ஃபில்டர் புதுசு. பைப்பு ஊதிப் பாத்தாச்சு. ஏன் எறங்கல?"

மா இலைகளில் தங்கியிருந்த மழைத் தண்ணீர் ஒன்றிரண்டாகப் பானெட்டின்மேல் விழுந்தது. சின்னம்மாள் அந்த ஸ்குருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போன சொட்டு அவளை என்னவோ செய்தது. எங்கேயோ பார்த்தது அது.

"இப்ப மூடியத் தொற" என்றாள். "மெதுவா."

இத்ரீஸ் மூடியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகினான். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். கிணற்றில் முங்கியவன் மேலே வந்து மூச்சு இழுக்கிற மாதிரி டேங்க் காற்றை இழுத்தது. கீழே ஸ்குரு வழியாக டீசல் பீறிட்டு இத்ரீஸின் துண்டை நனைத்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"எண்ண டின்னு" என்றாள் சின்னம்மாள்.

"என்னாது?"

"எண்ண டின்னுல ஒரு ஓட்ட மட்டும் போட்டா எண்ண வராது. எறங்கும், நின்னுடும், உள்ள இழுக்கும். அந்தாண்ட இன்னொரு ஓட்ட போட்டாத்தான் ஊத்தும். இதுக்கு அந்த ரெண்டாவது ஓட்ட எங்க?"

இத்ரீஸ் ஸ்குருவை இறுக்கினான். "மூடியிலதான்" என்றான். "ஊசி மொன அளவுக்கு இருக்கும்."

நாலு பேரும் அவன் கையில் இருந்த மூடியைப் பார்த்தார்கள். மூடி எங்கே தெரிந்தது? மேலே விரல் கனத்துக்கு மஞ்சள். அதன்மேல் குங்குமம். ஓரத்தில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பிலும் புது மஞ்சள் ஏறியிருந்தது. புழுதியும் டீசலும் சேர்ந்து எல்லாம் ஒரே பாளமாக இறுகியிருந்தது. யார் கை வைத்தது என்று கேட்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை.

குள்ளம்மாள் முந்தானையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"நான் பாத்துருக்கணும்" என்றான் இத்ரீஸ். "நான்தான் பாத்துருக்கணும். எத்தன தடவ தொறந்திருக்கறன். பொட்டு கலையக் கூடாதுன்னு ஓரத்தப் புடிச்சே தொறப்பன். நீங்க சாமியா நெனச்சு வெக்கறது, என் எண்ணக் கை பட்டு அழியக் கூடாதுன்னு."

"நானுந்தான்" என்றார் குப்புராஜ். "காலையில குளிச்சு வெக்கறா, அதப் போயி எதுக்குத் தொடைக்கறதுன்னு."

இத்ரீஸ் மூடியைச் சின்னம்மாளிடம் நீட்டினான். "நீங்களே எடுங்க அண்ணி. நான் தொட மாட்டன்."

அவள் வாங்கிக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். முதலில் குங்குமம் உதிர்ந்தது. அப்புறம் மஞ்சள் செதில் செதிலாக வந்தது. நேற்று வைத்தது, முந்தாநாள் வைத்தது. வண்டி நின்ற ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் கூடுதலாக வைத்தது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பத்துப் போடுகிற மாதிரி அப்பிய கை அவளுடையது. வெயில் நாளில் காய்ந்து வெடித்து அதற்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. மழை பெய்து காற்று ஈரமானதும் ஊறி உப்பி மூடிக்கொண்டிருக்கிறது. உழவு வந்த நாளில் நின்றதற்குக் காரணம் இதுதானா? அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய இரும்பு, இந்த ஊசி முனைக்காகவா படுத்துக்கொண்டது?

அடியில் இரும்பு தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி. ஊக்கின் முனையை விட்டுக் குத்தினாள். வாயை வைத்து ஊதினாள். வாயெல்லாம் டீசல் கசந்தது. வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கடுகில் பாதி வெளிச்சம் தெரிந்தது.

"நெத்தின்னு நெனச்சு வெச்சிருக்கீங்க அண்ணி" என்றான் இத்ரீஸ். "அது மூக்கு."

அதுவரை அடக்கியிருந்த குள்ளம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். குப்புராஜும் சிரித்தார். நாளெல்லாம் இறுகிக் கிடந்த முகம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது.

"என் மேல இருக்கற கோவத்த வண்டி மூக்குல அப்பிட்டாடா இவ" என்றார்.

சின்னம்மாள் நிமிர்ந்தாள். "ஒரு நாளாவது வண்டியத் தொடச்சீங்களா நீங்க? தொடச்சிருந்தா வந்திருக்குமா? பொட்டு வெச்சவள சொல்றீங்க. வெச்சத ஒருத்தராவது அழிச்சீங்களா?"

"அழிச்சா நீ சும்மா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டன்" என்று ஒத்துக்கொண்டாள்.

இத்ரீஸ் மூடியைப் போட்டுத் திருகினான். ஹேண்டிலைக் குப்புராஜிடம் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், தொடவில்லை என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. குப்புராஜ் மணிக்கட்டுத் துணியைப் பல்லால் இழுத்து இறுக்கினார். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் இஞ்சின் பிடித்தது.

நீலம் வரிசை முடிந்தது. அடுத்த வரிசை முடிந்தது. வழக்கமாக நிற்கிற நேரம் வந்தபோது நாலு பேருமே பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். சத்தம் இழுக்கவில்லை. அந்த நேரம் கடந்து, மறுபடியும் அவ்வளவு நேரம் கடந்தது. இத்ரீஸ் சாவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கடைவீதில என்னான்னு சொல்றது? என்ன வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிக்கறன்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான். குள்ளம்மாள் மனமில்லாமல் தன் களைக்குத் திரும்பினாள்.

சின்னம்மாள் கொள்ளை வீசினாள். கைப்பிடி அளவு எடுத்து, விரல் இடுக்கில் விட்டு, அரைவட்டமாக. கொள்ளு ஈரமண்ணில் விழுந்து கறுத்துக் கிடந்தது. பின்னாலேயே வந்த ஐந்து கொக்கிக் கலப்பை அதைப் புரட்டி மூடியது. புது மண்ணின் வாசம் டீசல் வாசத்தோடு கலந்து வந்தது. கொக்குகள் இரண்டு எங்கிருந்தோ வந்து உழுத சாலில் நடந்தன. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கூடைக்குள் கொள்ளின்மேல் வைத்திருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, தம்பியின் போட்டோ வந்தது. அவள் எடுத்துப் பேசியிருக்கலாம். மாமா வரல, வேற ஆள் பாரு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ரயிலேறுகிறேன் என்றது அவர். இல்லை என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவள் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சால் முனையில் நின்றாள்.

வண்டி திரும்பி அவளை நோக்கி வந்தது. குப்புராஜ் போனைப் பார்த்தார். இந்த ஒரு வருசமாக அவர் உழவின் நடுவில் இஞ்சினை நிறுத்தியது கிடையாது. களி தின்னும்போதும், டீ குடிக்கும்போதும், வேலிக்குப் போய் ஒதுங்கும்போதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் திரும்பப் பிடிக்குமா என்ற பயம். போன் வந்தால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துவார், அந்தப் பக்கம் ஒன்றும் விளங்காமல் வைத்துவிடுவார்கள். இப்போதும் அப்படித்தான் கத்தப் போகிறார் என்று சின்னம்மாள் நினைத்தாள்.

குப்புராஜ் கையை நீட்டி நிறுத்துகிற லிவரை இழுத்தார்.

தோப்பு சட்டென்று அமைதியானது. குள்ளம்மாள் அடுத்த நிலத்தில் நிமிர்ந்து பார்த்தாள். குப்புராஜ் இருக்கையை விட்டு இறங்காமல் குனிந்து போனை வாங்கினார்.

"சொல்லு மாதவராஜ். ம். ம். தோப்புலதான் இருக்கறன். கொள்ளு வெதைக்கறோம்." கேட்டுக்கொண்டிருந்தார். கண் உழுத மண்ணில் இருந்தது. "இல்லப்பா. நான் வர்றதுக்கில்ல. நீ வேற ஆளப் பாத்துக்க. இல்ல, கோவமில்ல, கோவம் எதுக்கு. வண்டி ஓடுது. ஆமா. என்னாது? சத்தமே காணமா? நான்தான் நிறுத்தி வெச்சிருக்கறன். நீ பேசறது கேக்கணும் இல்ல? அக்காகிட்ட ராத்திரி பேசு, அவ ஒரு கத வெச்சிருக்கறா, சிரிச்சே செத்துடுவ. சரி. வெச்சுடறன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டு தோப்பைச் சுற்றிப் பார்த்தார். இறங்கி ஹேண்டிலை எடுக்கப் போகிறார் என்று அவள் ஒதுங்கி நின்றாள். அவர் எடுக்கவில்லை.

"தண்ணி இருக்குதா?"

"மொதல்ல கெளப்புங்க. அப்புறம் குடிச்சுக்கலாம்."

"ஓடும்" என்றார் குப்புராஜ். "நீ தண்ணியக் குடு."

அவள் சாப்பாட்டோடு கொண்டுவந்த சின்னக் கேனின் மூடியைத் திறந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து, அவசரமில்லாமல், முழுக் கேனையும் குடித்தார்.